குளத்து மீன்களின் நோய்களும் அவற்றைத் தடுக்கும் வழிகளும்



நெல்லுக்கு வரும் எரிபந்தத்தையும் மிளகாய்க்கு வரும் இலைச்சுருளையும் பற்றிப் பேசவேண்டிய விவசாயப் போதனாசிரியன் ஒருவன், மீனுக்கு வரும் நோயைப்பற்றிப் பேசவந்தது ஏனென உங்களிற் சிலர் எண்ணுதல் கூடும். காரணம் எளிது. வயலுக்கும் மீனுக்கும் நீர் ஒன்றே. துருசினூடாக வயலுக்கு வரும் நீரிலேயே மீன் வாழ்கின்றது. வயலிலிருந்து கழியும் நீர் கீழேயுள்ள குளத்திற்குச் செல்ல, அங்கும் மீன் வாழ்கின்றது. எனவே மீனின் சுகமும் சுகவீனமும் பெரும்பாலும் கமக்காரராகிய உங்கள் கையிலேயே உள்ளன. இதனை மீன்பிடிப்போர் நன்கறிவர். கமஞ்செய்வோர் அத்துணை அறிந்திலர் என்பது என் எண்ணம்.

நமது பகுதியிற் கமக்காரர் அமைப்புகளும் மீனவ சங்கங்களும் தத்தம் பணத்தைச் சேர்த்து மீன்குஞ்சு வாங்கிக் குளங்களில் இடுகின்றன. மாரி முடியும்போது குஞ்சுகள் விடப்படும்; ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றும்போது கட்லா, ரோகு, மிரிகால், சாதாக் கெண்டை ஆகியன அறுவடையாகும். ஆறேழு மாதம் காத்திருந்து பெறும் இப்பலன் ஒரே கிழமையில் கைநழுவிப் போதலும் உண்டு. வயலில் நோய் வந்தால் வரம்பில் நின்று பார்த்தே அறியலாம். நீருக்குள் இருப்பதோ கண்ணிற் படுவதில்லை. இறந்த மீன் மிதக்கும்போதே நாம் அறிகின்றோம். அதற்குள் நோய் வந்து பல நாளாகியிருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். மீன் இறந்தால் அது நோயினால் இறந்தது என்று உடனே முடிவுசெய்தல் தவறு. மீன் கூட்டமாய் இறத்தற்கு மூன்று காரணங்கள் பெரிதும் உள. மூச்சுமுட்டி இறத்தல் ஒன்று. நஞ்சினால் இறத்தல் ஒன்று. நோயினால் இறத்தல் மற்றொன்று. இம்மூன்றையும் பிரித்தறியாது மருந்திட்டால் பணமும் கெடும், மீனும் கெடும்.

மூச்சுமுட்டல் எவ்வாறு நிகழ்கின்றது? நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனையே மீன் சுவாசிக்கின்றது. பகலிலே நீர்ப்பாசியும் பூண்டுகளும் ஒட்சிசனை வெளியிடும். இரவிலே அவையும் மீனைப்போலவே அதனை உட்கொள்ளும். ஆகவே விடியற்காலையிலேதான் நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். வானம் இரண்டு மூன்று நாள் மூடிக்கிடந்தாலும், குளம் வற்றி நீர் பச்சைநிறமாகத் தடித்தாலும், சாணமும் கோழியெருவும் தவிடும் அளவுக்குமேல் இட்டாலும் இக்குறைவு மேலும் பெருகும். ஒரு லீற்றர் நீரில் 5 மில்லிகிராம் ஒட்சிசன் இருத்தல் நன்று. 3 மில்லிகிராமிற் குறைந்தால் மீன் வருந்தத் தொடங்கும். அப்பொழுது மீன்கள் யாவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்களே முதலில் இறக்கும். வெயில் ஏறியபின் எஞ்சியவை தெளிந்து கீழே செல்லும். உடலிற் புண்ணோ புள்ளியோ காணப்படாது. இதற்கு மருந்து வேண்டியதில்லை. உணவையும் எருவையும் உடனே நிறுத்துக. வீட்டுக் குட்டையாயின், தோட்டத்திற்கு நீரிறைக்கும் பம்பியைக் கொண்டே குட்டை நீரை எடுத்து மேலிருந்து மழைபோல் விழச் செய்க. அதுவே போதிய சிகிச்சையாகும்.

நஞ்சினால் இறக்கும்போது நேரகாலம் இல்லை; நண்பகலிலும் இறக்கும். சிறிது, பெரிது என்ற வேறுபாடும் இல்லை. கெண்டை, கெளிறு, திலாப்பியா என்ற வேறுபாடும் இல்லை. தவளைக்குஞ்சும் நத்தையும் நீர்ப்பூச்சியுங்கூட உடனிறந்து கிடக்கும். இதனைக் கண்டால் முதல்நாள் மேல்வயலில் யார் எதைத் தெளித்தார் என்று விசாரித்தல் வேண்டும். பைரெதிரொயிட்டு வகையைச் சேர்ந்த பூச்சிநாசினிகள் மனிதருக்கும் கால்நடைக்கும் ஒப்பளவிற் குறைந்த தீங்கு செய்வன எனினும் மீனுக்கு மிகக் கொடியன. செப்புச் சேர்ந்த பங்கசு நாசினிகளும் அவ்வாறே. தக்காளிக்கும் கத்தரிக்கும் தெளித்துவிட்டுத் தெளிகருவியைக் குளத்து அலைகரையிற் கழுவுவோரை இன்றும் காண்கின்றேன். அவ்வாறு செய்தல் கூடாது. கழுவிய நீரைத் தோட்டத்திலேயே, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவாக, வெறுந்தரையில் ஊற்றுக. வயலில் மருந்திட்டபின் வரம்பைக் கட்டி, மருந்துச் சிட்டையிற் கூறிய நாள்வரைக்கும் நீரை வெளியே விடாதிருத்தல் பயிருக்கும் நன்று. இட்ட மருந்து வீணாகாதன்றோ.

இனி, மெய்யான நோய்க்கு வருவோம். நோய் மெல்ல வரும். முதல்நாள் இரண்டு மீன், மறுநாள் ஐந்து மீன், அதன்பின் இருபது என்ற கணக்கில் இறப்புப் பெருகும். பெரும்பாலும் ஓரினமோ ஈரினமோ மாத்திரமே பீடிக்கப்படும். மற்றவை வழக்கம்போல் நீந்தும். பீடிக்கப்பட்ட மீன் கூட்டத்தை விட்டு விலகிக் கரையோரத்தில் தனியே கிடக்கும், காலடியோசைக்கும் ஓடாது, உணவெடாது, கல்லிலும் கட்டையிலும் உடலைத் தேய்க்கும். உடலிலே ஏதேனும் ஓர் அடையாளம் இருக்கும். இவற்றைக் கண்டால் அது நோயெனக் கொள்க.

நோய்களிலெல்லாம் நீங்கள் முதன்மையாக அறியவேண்டியது புண்நோய் ஆகும். 1971 ஆம் ஆண்டில் யப்பானிலும் 1972 ஆம் ஆண்டில் அவுத்திரேலியாவிலும் இந்நோய் முதலிற் காணப்பட்டது. பின்னர் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளினூடாகப் பரவி, 1987–88 இல் இலங்கையின் நன்னீர் நிலைகளை அடைந்தது. 1988 ஆம் ஆண்டிலேயே வங்காளதேசத்திலும் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலும் தோன்றி, 1991 அளவில் கேரளத்துக் குட்டநாட்டு வயல்வெளி நீரிலும் புகுந்தது. குட்டநாடும் நம்மைப்போல் நெல்லும் மீனும் ஒரே நீரில் வாழும் நாடேயாகும். அதன்பின், ஏறத்தாழ 2006 ஆம் ஆண்டளவில், ஆபிரிக்காவின் சம்பேசி ஆற்றுப்படுகையையும் எட்டியது. இவ்வாறு கடல்கடந்து சென்ற நோய்க்குச் சிறகு இல்லை, கால் இல்லை. உயிருள்ள மீனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மனிதர் கொண்டுசெல்லுதலே இதுபோன்ற நோய்கள் தொலைதூரம் பரவுதற்குப் பெரும் வழியாகும்.

இந்நோய் எதனால் வருகின்றது என்பதிற் பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. வைரசு என்றனர் சிலர். பற்றீரியா என்றனர் வேறு சிலர். பங்கசை ஒத்த அபனோமைசெசு இன்வடன்சு என்னும் நுண்ணுயிரே மூலகாரணம் என்பது இப்பொழுது உறுதியாகியுள்ளது. இதன் வித்திகள் வால்போன்ற இழையினால் நீரில் நீந்தித் திரிந்து, மீனின் தோலில் சிறு காயமோ தேய்வோ உள்ள இடத்தில் ஒட்டி முளைத்து, இழை இழையாகத் தசைக்குள் ஊடுருவும். புண் திறந்தபின் பற்றீரியாக்கள் அதிற் குடியேறும். பண்டை ஆராய்ச்சியாளர் பற்றீரியாவையே குற்றஞ்சாட்டியதில் வியப்பில்லை. திருடன் போனபின் வீட்டுக்குள் நின்றவனைப் பிடித்த கதைதான்.

தொடக்கத்தில் உடலிலே ஊசித்தலை அளவு செம்புள்ளி தோன்றும். பின் செதில் உதிர்ந்து, தோல் கழன்று, தசை தெரியும் ஆழமான வட்டப் புண்ணாகும். விரால் மீனிலே தலையும் வாலும் அரிக்கப்பட்டு எலும்பு தெரியும் நிலையிலும் உயிரோடு நீந்தக் காணலாம்; பார்க்கவே மனம் பொறாது. விரால், கெளிறு, சிறுகெண்டை, பனையேறி ஆகிய நாட்டு மீன்களை இது கடுமையாகத் தாக்கும். திலாப்பியாவும் சாதாக் கெண்டையும் இதற்கு இலகுவில் ஆளாவதில்லை. வளர்ப்புக்கு விடும் கட்லாவும் மிரிகாலும் ரோகுவும் ஆளாகக்கூடியன.

எக்காலத்தில் வரும் என்பதை நன்கு கவனித்தல் வேண்டும். நீர் குளிரும்போது, அதாவது வெப்பநிலை 18 முதல் 22 பாகை செல்சியசு வரைக்கும் தாழும்போது, இந்நுண்ணுயிர் செழிக்கும். மீனின் எதிர்ப்புச்சக்தியோ தளரும். பெருமழை பெய்து புதுவெள்ளம் வந்தபின் இது வலுப்பெறும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து பனிவிழும் மார்கழி, தை மாதங்களே நமக்கு எச்சரிக்கைக் காலமாகும். அதே மாதங்களிலேதான் நாம் குஞ்சுகளையும் குளத்தில் விடுகின்றோம் என்பதை எண்ணிப் பாருங்கள். மாசி கழிந்து வெயில் ஏறினால் சிறு புண்கள் தாமாகவே ஆறுதலும் உண்டு.

இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. இதனை அழுத்தமாகச் சொல்லுகின்றேன். ஏனெனில் நோய் பரவிய நாடுகளில் மக்கள் அஞ்சி எந்த மீனையும் வாங்காது விட்டமையால், நோயில்லா மீன் பிடித்தவர்களும் பிழைப்பிழந்தனர். எனினும் புண்பட்ட மீனைச் சந்தைக்குக் கொண்டுசெல்லாதீர்கள், உண்ணவும் வேண்டாம். புண்ணிலே வேறு கிருமிகள் பெருகியிருக்கும்.

பிற நோய்களைச் சுருக்கமாகக் கூறுவேன். நங்கூரப்புழு என்பது ஒரு மயிரிழைபோல மீனின் உடலில் தொங்கும். அதன் தலை நங்கூரம்போலத் தசைக்குள் மாட்டியிருக்கும். கெண்டைக் குஞ்சுகளை இது மெலிவித்துக் கொல்லும். மீன்பேன் தட்டையாய், பயற்றின் தோல்போலச் செதிலோடு ஒட்டி இரத்தம் உறிஞ்சும். இவையிரண்டையும் வெறுங்கண்ணாற் காணலாம். காயப்பட்ட இடத்திற் பஞ்சுபோற் படர்வது பங்கசு. அது பெரும்பாலும் வலையிலும் கையிலும் அடிபட்ட மீனுக்கே வரும். வயிறு வீங்கிச் செதில் சிலிர்த்து நிற்றல் பற்றீரியா நோயின் அறிகுறியாகும். திலாப்பியாவை வளர்ப்போர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நன்று. 2014 ஆம் ஆண்டில் இசுரவேலில் விவரிக்கப்பட்ட ஒரு வைரசு நோய், சில ஆண்டுகளுக்குள் தாய்லாந்திலும் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. அதற்கு மருந்து இல்லை. எந்த நோயாலும் வீழாத மீன் என்று திலாப்பியாவை நம்பியிருத்தல் இனிப் பொருந்தாது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். இங்கே ஓர் உண்மையை மறைக்காது கூறல் வேண்டும். இரணைமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் வவுனிக்குளத்திற்கும் பாவற்குளத்திற்கும் மருந்திட எவராலும் இயலாது. அவ்வளவு நீருக்கு மருந்திட்டால் செலவு தாங்காது. தாங்கினாலும் அந்நீரைக் குடிக்கும் மக்களும் மாடும் பயிரும் என்ன ஆவது? பெருங்குளத்திற்கு வருமுன் காத்தலன்றி வேறு மருந்தில்லை. வற்றும் சிறுகுளத்திற்கும் வீட்டுக் குட்டைக்கும் மாத்திரமே பின்வருவன பொருந்தும்.

வற்றும் குளம் என்றேன். நமது சிறுகுளங்கள் ஆண்டுதோறும் வற்றுதலை ஒரு குறையாகவே பலரும் பேசுவர். மீன் நோயைப் பொறுத்தவரை அது பெருவரமாகும். ஆவணி, புரட்டாதி வெயிலிற் குளத்தின் அடித்தரை பாளம் பாளமாக வெடிக்கும்போது, நங்கூரப்புழுவின் குடம்பிகளும் மீன்பேனின் முட்டைகளும் புண்நோய் வித்திகளும் காய்ந்து மடிகின்றன. அடியிற் சேர்ந்த சேற்றின் நஞ்சுவாயுக்கள் வெளியேறுகின்றன. பொருள்கொடுத்து வாங்கும் எந்தக் கிருமிகொல்லியும் இவ்வேலையை இத்துணை மலிவாகச் செய்யாது. ஆனால் ஒரு பள்ளத்தில் மாத்திரம் நீர் தேங்கி, அதிலே சில விராலும் கெளிறும் மிஞ்சியிருந்தால், அடுத்த ஆண்டுக்கான நோய் அப்பள்ளத்திற் காத்திருக்கும். ஆதலின் அறுவடையின்போது பள்ளங்களையும் இறைத்து, எஞ்சிய மீனைப் பிடித்துக் குறைந்தது இரண்டு கிழமையாவது காயவிடுதல் நன்று. மாடுகளுக்கு நீர் வேண்டுமென்று ஒரு பள்ளத்தை விடவேண்டியிருந்தால், அதிலுள்ள மீனையாவது முற்றாக அகற்றுக.

வீட்டுக் குட்டையைக் காயவிட்டபின் ஏக்கருக்கு 400 கிலோகிராம் விவசாயச் சுண்ணாம்பு என்ற அளவில் அடித்தரையிற் பரவலாகத் தூவுக. காலேக்கர்க் குட்டைக்கு இது 100 கிலோகிராம் ஆகும். மீன் உள்ள குட்டைக்குப் பனிக்காலத் தொடக்கத்தில் ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் வரைக்கும், ஒரேநாளிற் கொட்டாது இரண்டு மூன்று முறையாகப் பிரித்து, நீரிற் கரைத்து ஆறவைத்துத் தெளிக்கலாம். சுட்ட சுண்ணாம்பைச் சூட்டோடு ஊற்றினால் நோய்க்கு முன் மீனே இறக்கும். சுண்ணாம்பிடுமுன் நீரின் பீ.எச். பெறுமானத்தை அலுவலரைக்கொண்டு பார்ப்பித்தல் அவசியம். நமது பகுதிகள் சிலவற்றில் நீர் இயல்பாகவே காரத்தன்மையுடையது. அங்கே சுண்ணாம்பு வேண்டாததோடு தீங்கும் செய்யும்.

உப்பு மலிவானது, எங்கும் கிடைப்பது. 10 லீற்றர் நீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து, புதிதாய் வந்த குஞ்சுகளை வலைக்கூடையோடு அதில் 2 முதல் 5 நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் உடலிலொட்டிய பல ஒட்டுண்ணிகள் கழலும். குஞ்சுகள் சரிந்து புரளத் தொடங்கினால் நேரம் பாராது உடனே எடுத்து நல்ல நீரில் விடுக. கொண்டிசு எனப்படும் பொற்றாசியம் பரமங்கனேற்றை ஒரு கன மீற்றர் நீருக்கு 2 கிராம் வீதம் இடலாம். 10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் 1 மீற்றர் ஆழமும் உள்ள குட்டையில் 100 கன மீற்றர் நீர் இருக்கும். அதற்கு 200 கிராம் போதும். கண்ணளவில் இடாது நிறுத்தே இடுக. நங்கூரப்புழுவுக்கு ஒருமுறை மருந்திட்டு நிறுத்திவிடலாகாது. அதன் முட்டை பொரித்து வளர்ந்து மீண்டும் மீனைப் பற்றுதற்கு ஏறத்தாழ மூன்று கிழமை செல்லும். முதற்சிகிச்சைக்குத் தப்பிய குடம்பிகள் அதற்குள் வளர்ந்துவிடும். தொடர்ந்து எவ்வாறு செய்வதென்பதை அலுவலரிடம் கேட்டறிக.

கோழிக்கென விற்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தவிட்டிற் பிசைந்து மீனுக்குப் போடும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கின்றேன். நோய் இன்னதென அறியாது இடும் மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. மருந்துக்கு அஞ்சாத கிருமியை உண்டாக்கும். அதன் எச்சம் மீன்தசையில் நின்று உண்போரின் உடலுக்குச் செல்லும். மலக்கைற்றுப் பச்சை என்னும் சாயமும் அத்தகையதே. பழைய நூல்களில் அது மீன் நோய்க்குச் சிறந்த மருந்தெனக் கூறப்பட்டிருக்கும். உணவுக்கு வளர்க்கும் மீனில் அதனைப் பயன்படுத்துதல் இப்பொழுது பல நாடுகளிலே தடைசெய்யப்பட்டுள்ளது.

நோய் வரும் வாயிலை அடைத்தலே முதற்காரியம் என்றேன். அந்த வாயில் குஞ்சுப்பை ஆகும். குஞ்சுகள் பொலிதீன் பையில் ஒட்சிசன் நிரப்பப்பட்டு வரும். வந்தவுடன் பையை அவிழ்க்காது, குளத்துநீரிலே 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒத்தபின் திறக்க வேண்டும். பையிலிருந்த நீரைக் குளத்தில் ஊற்றாது, குஞ்சுகளை மாத்திரம் வடித்து விடுக. அந்நீரை மேட்டுநிலத்திற் கொட்டுக. விலை குறைவென்று வழியோரத்தில் விற்போரிடம் வாங்காது, அறிந்த இனப்பெருக்க நிலையத்திலிருந்தே வாங்குக. இயலுமாயின் குளத்தின் ஒரு மூலையிலே நுண்வலையால் அடைத்து, இரண்டு கிழமை வைத்துப் பார்த்தபின் பெருநீரில் விடுக. குஞ்சுகள் அதிகமாக விட்டால் அதிக மீன் கிடைக்குமென எண்ணி நெருக்கி விடுவோர் உளர். நெருக்கி நட்ட நாற்று என்னாகும் என்பதை உங்களுக்கு நான் கூறவேண்டியதில்லை.

வலையும் தோணியும் ஒரு குளத்தின் நோயை மறுகுளத்திற்குக் கொண்டுசெல்லும். வலையை நன்கு கழுவி முழுவெயிலிற் காயவைத்த பின்னரே வேறு குளத்திற் போடுக. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அலங்கார மீன் சலித்துவிட்டதென்று குளத்தில் விடுதலும் கூடாது. தொட்டி துப்புரவாக்கும் மீன் என்று வாங்கியது நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றிற் பெருகி வலையைக் கிழிப்பதை மீனவர் அறிவர். அது நோயையும் உடன்கொண்டு வரக்கூடும்.

ஒருவர் மாத்திரம் இவ்வாறு கவனமாக இருந்தாற் போதுமா? போதாது. வவுனியா மாவட்டத்தில் ஊற்றெடுக்கும் கனகராயன் ஆறு முல்லைத்தீவு மாவட்டத்தினூடாகப் பாய்ந்து இரணைமடுவை நிரப்பி, அங்கிருந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிவரை செல்கின்றது. இடையே எத்தனை சிறுகுளங்கள், எத்தனை வாய்க்கால்கள்! மேற்குளம் வான் பாயும்போது அதன் மீனும் அதன் நோயும் கீழ்க்குளத்திற்கு இறங்கும். கீழ்க்குளத்து மீன் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலேயும் ஏறும். ஆதலின் மீன் நோயைத் தடுத்தல் தனியொருவரின் காரியமன்று, ஊராரின் காரியம், சட்டத்தின் காரியமுமாகும்.

இதனை இந்நாட்டிலே இழப்பின்மூலம் கற்றுக்கொண்டோர் புத்தளம், சிலாபம் பகுதியின் இறால் வளர்ப்போர் ஆவர். அங்குள்ள பண்ணைகளிற் பல, ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரை எடுத்து, கழிவுநீரையும் அதே கால்வாயில் விட்டன. ஒருவர் கழித்தது மற்றவருக்கு நல்லநீராயிற்று. 1988–89 இல் ஒரு வைரசு நோய் வந்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது பண்ணைகள் பெருவாரியாகப் பாழாயின, பலர் கடனாளியாயினர், மூடப்பட்ட குட்டைகள் பல. தன் பண்ணையைத் துப்புரவாய் வைத்திருந்தவரும் அயலவரின் நீரால் இழந்தார். அதன்பின் அங்கே என்ன செய்தனர் எனின், பகுதியை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தார் எப்பொழுது குஞ்சு விடலாம், எப்பொழுது குட்டையைக் காயவிட வேண்டும் என்று காலம் குறித்தனர். குஞ்சுகளை ஆய்வுகூடத்திற் பரிசோதித்து நோயில்லையென அறிந்த பின்னரே விட அனுமதித்தனர். அவ்வொழுங்குக்கு அவர்கள் இட்ட பெயர் பயிர் நாட்காட்டி என்பது. பெயரே கமக்காரரிடமிருந்து கடன்வாங்கியது.

அந்த நாட்காட்டி உங்களுக்குப் புதிதன்று. ஒவ்வொரு போகத்திற்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, துருசு திறக்கும் நாள், விதைப்பு நாள், நீர் நிறுத்தும் நாள், கால்நடை கட்டும் நாள் என முடிவு செய்கின்றீர்கள். நெல்லுக்கு இவ்வொழுங்கை வைத்திருப்போர் மீனுக்கும் வைத்தல் கடினமோ? காலபோகக் கூட்டத்திலேயே மீனவ சங்கத்தினரையும் இருத்தி, மீன்குஞ்சு விடும் நாளையும் யாரிடம் வாங்குவது என்பதையும் முடிவு செய்யலாம். மருந்து தெளித்தபின் எத்தனை நாள் வயல்நீரை வெளியே விடுவதில்லை என்பதையும் அங்கேயே எழுதிவைக்கலாம்.

மற்றொன்றும் பேசப்படவேண்டும். சிறுபோகத்தில் துருசின் அடிமட்டம்வரை நீரை எடுத்துவிட்டால், எஞ்சிய சேற்றுநீரில் மீன் நெருங்கி, ஒன்றையொன்று உரசி, மூச்சுமுட்டி, நோய்க்கு இரையாகும். பயிர் வாடும்போது மீனுக்கு நீர் வைப்பதா என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. என் கருத்து இது: நீரை வைக்க இயலாத ஆண்டில், நீர் தாழுமுன்பே மீனவருக்கு நாள் கூறி, மீனை முன்கூட்டிப் பிடிக்க விடுங்கள். இரண்டு கிழமை முன்னதாகத் தகவல் கிடைத்தால் மீன் விலைப்படும், கிடையாவிட்டால் நாறும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

சட்டத்தைப்பற்றியும் சில சொற்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் நீருயிரின வளர்ப்புக்கு உரிமம் பெறும் முறையையும், உயிருள்ள மீனை நாட்டுக்குள் கொண்டுவருதற்கான கட்டுப்பாட்டையும் வகுத்துள்ளது. அதன்கீழ் வளர்ப்பு மீனின் நோயைக் கட்டுப்படுத்துதற்கான ஒழுங்குவிதிகளும் ஆக்கப்பட்டுள்ளன. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, சுருக்கமாக நக்டா, குஞ்சு உற்பத்தியையும் விரிவாக்கத்தையும் நடத்துகின்றது. 1990 முதல் 1994 வரைக்கும் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கு ஆதரவை நிறுத்தியிருந்தமையும், அதன்மேல் 2009 வரைக்கும் நீடித்த போரும் நம் பகுதியில் இவ்வலுவலருக்கும் மீனவருக்கும் இடையே நீண்ட இடைவெளியை உண்டாக்கின. இப்பொழுது அவ்வலுவலர் உள்ளனர். மீன் இறந்ததென்று தெரிவித்தால் தண்டிப்பார்களோ என்று அஞ்சி, இரவோடிரவாக இறந்த மீனைப் புதைத்து மறைப்பவர் சிலர் உளர் எனக் கேள்வி. அவ்வச்சம் வேண்டாம். மறைத்த நோய் அடுத்த குளத்திலேதான் வெளிப்படும்.

நோய் கண்டவுடன் செய்யவேண்டியவை இவை. அக்குளத்திலிருந்து உயிர்மீனையோ குஞ்சையோ வேறெங்கும் கொண்டுசெல்வதை நிறுத்துக. அக்குளத்து வலையை அங்கேயே வைக்குக. சிறுகுளமாயின், வானும் துருசும் வழியாக நீர் கீழே செல்லாதிருக்க இயன்றமட்டும் பாருங்கள். இறந்த மீனை நாள்தோறும் காலையில் அள்ளி எடுத்து, அலைகரைக்கும் கிணற்றுக்கும் தொலைவான மேட்டில் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவி மூடுக. கட்டின்மேல் எறிந்தால் காகமும் பருந்தும் அடுத்த குளத்திற்குத் தூக்கிச் செல்லும், நாயும் இழுக்கும்.

பின்னர் நக்டா விரிவாக்க அலுவலருக்குத் தெரிவிக்குக. அவரை அறியாதோர் கமநல சேவை நிலையத்திலோ என்னிடமோ கூறினாலும் தகவல் போய்ச்சேரும். மாதிரி அனுப்பும்போது அழுகிய மீனை அனுப்பாதீர்கள். அதில் நோயைக் காண இயலாது. நோயுற்று இன்னும் உயிருள்ள மீன் மூன்று நான்கை, குஞ்சு கொண்டுவருவதுபோலவே நீரும் ஒட்சிசனும் நிரப்பிய பையில் அனுப்புவதே மிகச் சிறந்தது. அது இயலாவிடின், அப்பொழுதே இறந்த மீனைப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து அன்றைக்கே சேர்ப்பியுங்கள். குளிர்ப்பெட்டியில் உறையவைக்க வேண்டாம். கூடவே ஒரு தாளில், எந்தக் குளம், இறப்பு எந்நாள் தொடங்கியது, நாளொன்றுக்கு எத்தனை, எந்த இனம், காலையிலா பகலிலா, அண்மையில் மழை பெய்ததா, குஞ்சு எப்பொழுது எங்கிருந்து வந்தது, மேல்வயலில் என்ன மருந்து தெளிக்கப்பட்டது என்பவற்றை எழுதி அனுப்புக. குளத்து நீரையும் கழுவிய போத்தலொன்றில் நிரப்பி, மூடியை இறுக்கி, அதன்மேற் குளத்தின் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதி அத்துடன் சேர்த்து அனுப்புங்கள்.